பிழிந்து எழுதும் கை

பிரின்ஸ்டன் என்ற இளைஞன் பாரிஸில் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலை விட்டுப் போன வியாழக்கிழமை காலை, மிருணாளினி யன்னலோரத்து மேசையில் இருந்து, கணினித் திரையில் விரிந்த பழைய தாளொன்றைப் பார்த்தபடி சுட்டுவிரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தார். நானூறு வருடங்களுக்கு முன் லண்டனில் யாரோ எழுதிய எழுத்து. பேனை எங்கே தொடங்கியது, எங்கே வளைந்தது, எங்கே களைத்தது என்று விரலால் போட்டுப் பார்த்தால்தான் அது என்ன எழுத்து என்று அவருக்குப் பிடிபடும். இரண்டாவது சுழிப்பில் விரல் இருக்கும்போது கைபேசி அடித்தது. கீழே தையல்கடை வைத்திருக்கும் யசோதா.

“அக்கா, பிரின்ஸ்டன் வெளிக்கிட்டிட்டான். இப்பதான் கார் து நோர் ரயிலடி வாசல்லை கண்டனான். தோள்பை ஒண்டு மட்டும். எங்கையடா எண்டன், வடக்கை எண்டான்.”

“வடக்கை எண்டால்?”

“வடக்கை கடல்தானே அக்கா இருக்கு.”

மிருணாளினி கைபேசியை வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவுப் பூட்டைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. திறப்பை இன்னொரு தரம் திருப்பினார்.

லா சப்பலில் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நாற்பத்தாறு வயது. ஒடிசலான உடம்பு, கணவரின் பழைய கம்பளிச் சட்டை, நிறம் பொருந்தாத இரண்டு காலுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக. மீன்கடை வரிசையில் நிற்கும்போதும் விரல் காற்றில் கீறிக்கொண்டிருக்கும். மந்திரம் போடுகிறார் என்பார்கள் சிலர். மனக்கணக்குப் பார்க்கிறார் என்பார்கள் வேறு சிலர். மெத்ரோவில் இப்படி எழுதத் தொடங்கினால், மகள் ஆனைஸ் தாயின் கையைப் பிடித்து மடியில் அமுக்கி, “அரெத், மமோன்!” என்று, நிப்பாட்டச் சொல்லிப் பிரெஞ்சில் சீறுவாள். கை அடங்கும். அடுத்த தரிப்பிடத்தில் கட்டைவிரல் எழுதத் தொடங்கும்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். கலியாணமாகிப் பாரிஸுக்கு வந்து, பத்து வருடம் ஓர் அலுவலகத்தின் தரையைத் துடைத்தார். பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. பல்கலைக்கழகக் குழுவொன்று, நகரங்களைப் பற்றி அந்தக் காலத்து ஆங்கிலேயர் கைப்பட எழுதிவைத்த பாட்டுகளைத் தேடிச் சேர்க்கிறது. அச்சில் ஏறாத பாட்டுகள். ஒருவர் தாளில் எழுதுவார், நண்பர் வாங்கிப் போய்த் தன் கொப்பியில் பார்த்து எழுதுவார், அவரிடமிருந்து இன்னொருவர். அடுத்த கைக்குப் போகும்போது இரண்டு வரி கூடும், இரண்டு வரி குறையும். லண்டனைப் பற்றிய பாட்டு வேறு ஊருக்குப் போனால் தெருப் பெயர்கள் மாறி அந்த ஊரின் பாட்டாகிவிடும். அந்தத் தாள்களின் படங்கள் மிருணாளினிக்கு வரும். அவர் வாசித்துத் தட்டெழுதி அனுப்புவார்.

“உவையள் லண்டனைத் திட்டின திட்டு இருக்கே, எங்கடை குழாயடி தோத்துப் போகும்,” என்று யசோதாவின் கடையில் இருந்து சொல்லுவார். “ஒரு பக்கத்திலை நகரம் நாசமாப் போக எண்டு பாட்டு. அதுக்குக் கீழை இருமலுக்கு மருந்து. அதுக்கும் கீழை வாத்து அவிக்கிற விதம். எல்லாம் ஒரே கை.”

“வாத்து எப்பிடியாம் அவிக்கிறது?” என்று யசோதா கேட்பார். அவருக்கு அதுதான் முக்கியம்.

கொள்ளைநோய் வந்தபோது நகரத்தை விட்டு ஓடியவர் எழுதிய பாட்டுகளும் அதில் உண்டு. ஓட முடியாமல் உள்ளே அடைபட்டவர் எழுதியவையும் உண்டு. ஆனால் மிருணாளினியைப் பிடித்து உலுப்புவது வேறொரு வகை. தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி நக்கலடிக்கும் பாட்டுகள். யாருடையது என்று போட்டிருக்காது. ஒருவரும் பாராத நேரத்தில் கதவில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அகப்பட்டவர்களின் காதை அறுத்ததும் உண்டு என்று சொல்லும்போது, அவர் கை தானாகப் போய்ச் சால்வையை இழுத்துக் காதை மூடும்.

அவருக்கு அந்தப் பயம் புத்தகத்தில் படித்து வந்ததல்ல. ஊரில் பள்ளிக்குப் போன யுத்த காலத்தில், சில நாள் காலையில் சந்தியின் மின்கம்பத்தில் ஒரு மட்டை தொங்கும். காட்டிக்கொடுத்தவன் என்று கையால் எழுதிய இரண்டு வரி, ஒரு பெயர். நின்று வாசிக்கவும் பயம், வாசிக்காமல் தாண்டிப் போகவும் பயம். சைக்கிளை மிதித்தபடியே கடைக்கண்ணால் எழுத்தின் சாய்வை மட்டும் பார்த்துக்கொண்டு போவார். பார்த்த எழுத்தை மறக்காத வழக்கம் அங்கே பிடித்தது.

வேலையில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் மூன்று கட்டங்கள்: பாட்டைக் கட்டியவர் யார், இந்தத் தாளில் அதை எழுதிய கை யாருடையது, தாளை வைத்திருந்தவர் யார். மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. குழுவின் தலைவர் ழான்-மார்க் ஒவ்வொரு கூட்டத்திலும் இதைப் பஞ்சாங்கம்போல் வாசிப்பார். அநேகமாக முதற்கட்டம் வெறுமையாகவே இருக்கும். எழுதிய கை தெரிந்துவிட்டால் கட்டியவரும் தெரிந்துவிட்டார் என்று புதியவர்கள் நினைப்பார்கள். மிருணாளினி அந்தப் பிழையை ஒருநாளும் விட்டதில்லை. திரைக்கு முன்னால் விட்டதில்லை.

அந்த வருடம் செப்டெம்பரில் ஒரு நாள், கை சும்மா இராமல், லா சப்பலுக்கும் ஒரு தெருப்பாட்டுக் கட்டினார். ரயிலடியில் இறங்கி மெத்ரோப் பாலம் மட்டும் நடந்து, கடைக்குக் கடை நின்று சிரிக்கும் பாட்டு.

ரயிலடியால் இறங்கிவந்தால் ரெண்டுபக்கம் நகைக்கடை
ராசாவுக்கும் ராசாத்திக்கும் வாடகைக்கு ஓர்அறை
மீன்கடையில் கண்திறந்து பார்த்திருக்கும் பாரைமீன்
விசாவின்றி வந்துசேர்ந்த வீரன்என்று வாழ்த்துவேன்

இப்படியே போகும். யாருக்கும் நோகாது, நொந்தாலும் சிரித்துவிட்டு நோகும். இந்த வகைப் பாட்டைத் தட்டெழுதக் கூடாது, கையால்தான் எழுத வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வெள்ளைத் தாளில் எழுதி யசோதாவிடம் கொடுத்தார். “வாசிச்சிட்டுத் தா. படம் எடுக்காதை, சொல்லிப்போட்டன்.”

யசோதா சிரித்துச் சிரித்துத் தையல் மெசினில் தலையை முட்டினார். அடுத்த நாள் தாளைப் பத்திரமாகத் திருப்பித் தந்தார். படம் எடுக்கவில்லை. சொன்ன சொல் தப்பாதவர். ரவிக்கை அளவு எழுதும் கொப்பியில் முழுப்பாட்டையும் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார்.

“படம்தானே அக்கா எடுக்க வேண்டாம் எண்டனீங்கள்? நான் கையாலையெல்லோ எழுதினனான்!”

“ஆருக்கும் குடுத்தனியோ?”

“ரெண்டு பேருக்கு. மூண்டாயும் இருக்கும். அவையும் கையாலைதான் எழுதினவை அக்கா, சத்தியமா!”

மிருணாளினிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தான் நாள் முழுக்கத் திரையில் பார்க்கும் காரியம் கண்ணெதிரே தெருவில் நடக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை இரண்டு கிழமை நீடித்தது.

ஒக்டோபரில் பாட்டு எல்லோர் கைபேசியிலும் வந்தது. யாரோ ஒருவர் அழகாக எழுதிய ஒரு தாளை வேறு யாரோ படம் பிடித்துவிட்டார்கள். மிருணாளினி, பேருந்துத் தரிப்பிடத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் அதை வாசித்துக் காட்டக் கேட்டார். தன் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில், அவர் எழுதாத இரண்டு வரி.

வாமண்ணை கடைவாசலில் வாழைமரம் சிரிக்குது
வந்துநின்ற பொலிசுகதவை அவரைக்கேட்டுத் தட்டுது

அவர் கையிலிருந்த மரக்கறிப் பை நழுவியது. அந்த ஜூனில், அந்தத் தெருவின் சாப்பாட்டுக்கடையொன்றின் குசினிக்குள் கோன்ட்ரோல் பொலிசார் நேரே நுழைந்து, பப்பியே என்ற வதிவிடப் பத்திரம் இல்லாமல் வேலை செய்த இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள். முன்கதவால் வரவில்லை, குப்பை எடுக்கும் பின்கதவால் வந்தார்கள். அந்தக் கதவு தெருவுக்குப் புதியவர்களுக்குத் தெரியாது. யார் காட்டியது என்று அன்றைக்குத் தொடங்கிய குசுகுசுப்பு. இப்போது அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. மிருணாளினியின் பாட்டில், மிருணாளினியின் சந்தத்தில்.

வாமதேவன் என்ற வாமண்ணை அந்தத் தெருவின் பெரிய மளிகைக்கடைக்காரர். வர்த்தகர் சங்கத் தலைவர். யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப முன்னுக்கு நிற்பவர். அவரோடு எதிர்த்துக் கதைத்தவர்கள் தெருவில் அதிகம் பேர் இல்லை. கதைத்த பிறகும் தெருவில் இருந்தவர்கள் இன்னும் குறைவு. மிருணாளினியின் கணவர் பிரசாந்தன் பொபினியில் இருக்கும் அவருடைய களஞ்சியத்தில் வான் ஓட்டுகிறார்.

பிரின்ஸ்டன் போவதற்கு முதல்நாள், புதன்கிழமை பிற்பகல், வாமதேவன் மாம்பழப் பையோடு மாடியேறி வந்து மணியடித்தார். மிருணாளினி கதவுத் துளையால் பார்த்தார். பாட்டுக் கட்டியது தான் என்பது தெரிந்துவிட்டது என்று நினைத்தார். சந்திக் கம்பத்து மட்டை கண்ணுக்குள் வந்தது. திறந்தார்.

வாமதேவன் சோபாவின் நுனியில் இருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. வழமையான சிரிப்பு இல்லை.

“தங்கச்சி, எனக்குச் சோறு இறங்கி ஒரு கிழமையாச்சு. உந்தப் பாட்டுப் பாத்திருப்பியள்.”

“ஓம் அண்ணை. கேள்விப்பட்டனான்.”

“காட்டிக்குடுத்தவன் எண்ட சொல் ஒருத்தன்மேலை விழுந்தால் அங்கை என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இஞ்சையும் அந்தச் சனம்தானே இருக்கு. மனுசி கடைக்கு வரப் பயப்பிடுறா. நான் செய்யேல்லை தங்கச்சி. பிள்ளையார்மேலை ஆணை.”

அவர் செய்தாரா இல்லையா என்று மிருணாளினிக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெரிய உடம்பும் பயந்துபோயிருந்தது. பயந்த மனிதர் கோபமான மனிதரைவிடப் பொல்லாதவர் என்று அவருக்குத் தெரியும்.

“பிரசாந்தன் சொன்னவர், நீங்கள் பழைய கையெழுத்துப் பாத்து ஆர் எழுதினது எண்டு சொல்லுற வேலையாம். ஒருக்கா இதைப் பாருங்கோ.”

மடித்த தாளை விரித்தார். கைபேசிப் படத்தைப் பெரிதாக அச்சடித்திருந்தார். மிருணாளினி கண்ணை மூடித் திறந்தார். தன்னுடைய எழுத்து மேசையில் கிடக்கப்போகிறது என்று நினைத்தார்.

தன்னுடைய எழுத்து இல்லை.

அந்த நேரத்தில் வந்த ஆறுதல் மதுவைப்போல் தலைக்கு ஏறியது. காற்று நெஞ்சுக்குள் இறங்கியது, நாக்கு அவிழ்ந்தது. தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்து, சுட்டுவிரலால் மேலே போட்டுப் பார்த்தபடி கதைக்கத் தொடங்கினார். பயம் விலகிய வாய் எதையும் கதைக்கும்.

“இது பேனைப் பழக்கம் இல்லை அண்ணை. பாருங்கோ, பேனை எண்டால் தொடங்கிற இடம் மெல்லிசா இருக்கும். இதிலை தொடக்கத்திலை ஒரு குண்டு விழுது, பேந்து முடியேக்கை வால் இழுபடுது. ஒவ்வொரு எழுத்தும் அப்பிடி. இது பிழிஞ்சு எழுதிற கை. கேக்கிலை ஐசிங் பிழியிற ஆக்கள் பேனை பிடிச்சாலும் இப்பிடித்தான் வரும்…”

சொல்லி முடியும்போதுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. லா சப்பலில் தமிழில் கேக் எழுதும் ஆட்களைத் தேட வேண்டியதில்லை. ஒரு கடை. ஒரு ஆள்.

“ஆனால் அண்ணை, எழுதின ஆள்தான் கட்டின ஆள் எண்டு இல்லை. பாத்து எழுதியும் இருக்கலாம். அது வேறை, இது வேறை…”

வாமதேவன் எழுந்துவிட்டார். “பெரிய உதவி, தங்கச்சி. மாம்பழம் நல்லாப் பழுத்தது. இண்டைக்கே சாப்பிடுங்கோ.”

அந்த ஆள்தான் பிரின்ஸ்டன். மன்னார்ப் பக்கம், பேசாலை. இருபத்தெட்டு வயது. மூன்றாவது வருடமாக ரெசிப்பிசே என்கிற தற்காலிக வதிவிடத் துண்டுக்காக அலைகிறவன். பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, கிரீம் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வருகிறவர்களோடு பகிடி விடுவான். ஒரு முறை அவன் கையை மிருணாளினி மெச்சியபோது சொன்னான்: “அக்கா, இந்த வேலையிலை ஒரு வசதி. நான் எழுதிறதைச் சனம் அண்டைக்கே வெட்டித் திண்டிடும். பிழை விட்டாலும் சாட்சி இல்லை.”

மிருணாளினி சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு படியால் இறங்கி ஓடினார். அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். பாட்டு என்னுடையது என்று சொல்லலாம். அல்லது பின்னால் போ, ஒளித்துக்கொள் என்றாவது சொல்லலாம். பேக்கரிக்குள் நுழைந்தபோது வாமதேவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“தம்பி, ரெண்டு கிலோ கேக் ஒண்டு. மேலை எழுத வேணும்.”

“ஓம் அண்ணை. ஆற்றை பேர்?”

“பேர் இல்லை. பாட்டு.”

வாமதேவன் அந்த இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் பெயர் வந்த இடத்திலும் குரல் மாறவில்லை. பிரின்ஸ்டனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை மிருணாளினி பார்த்தார்.

“அண்ணை, இது வந்து…”

“எழுதும் தம்பி. சனமெல்லாம் வாசிச்சதுதானே. கேக்கிலையும் கிடக்கட்டும்.”

அவன் எழுதினான். முதல் வரி ஒழுங்காக வந்தது. அவன் கை அப்படிப்பட்ட கை, பயத்திலும் அழகு கெடாது. இரண்டாவது வரியில் கிரீம் அறுந்து அறுந்து விழுந்தது. எழுதி முடித்ததும் வாமதேவன் கைபேசியை எடுத்து, படத்தைக் கேக்குக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

“அட, தங்கச்சியும் நிக்கிறீங்களே. எப்பிடி, வடிவா எழுதியிருக்கிறார்தானே?”

மிருணாளினி வாயைத் திறந்தார். கட்டியவர், எழுதியவர், வைத்திருந்தவர் என்று மூன்று கட்டமும் மண்டைக்குள் ஓடின. முதற்கட்டத்தில் போடவேண்டிய பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பொபினிக் களஞ்சியத்து வானும் நினைவுக்கு வந்தது, அதை ஓட்டும் மனிதரும் வந்தார்.

“ஓம்,” என்றார்.

பிரின்ஸ்டன் அவரை நன்றியோடு பார்த்தான். தனக்காக ஒரு நல்ல சொல் சொன்ன ஒரே ஆள் இந்த அக்காதான் என்று நினைத்திருப்பான்.

வாமதேவன் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கேக்கைப் பெட்டியில் போடச் சொல்லி, நாடா கட்டச் சொல்லி, வாங்கிக்கொண்டு போனார். கடை பூட்ட முன்னமே பத்ரோன், அதுதான் முதலாளி, பிரின்ஸ்டனை நாளைக்கு வர வேண்டாம் என்றார். அவன் படுத்த அறையும் அந்த முதலாளியின் அறைதான். தெருவில் ஒருவரும் அவனோடு நின்று கதைக்கவில்லை. விடிய, யசோதா கண்டபடி, அவன் ரயிலடியில் நின்றான்.

அன்று மாலை மிருணாளினி கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிரசாந்தன் கேட்டுவிட்டு, கையைக் கழுவி, துடைத்து, துவாயை மடித்தார்.

“நீர் வாயைத் திறக்காதையும். எங்கடை சீவியம் அந்த வானிலை ஓடுது. அவன் இளந்தாரி, எங்கையாவது பிழைச்சுக்கொள்ளுவான்.”

“கடலிலை போறான், பிரசா.”

“அதுக்கு?” என்றார் பிரசாந்தன். பிறகு, “எனக்கும் தெரியும்” என்று தனக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

பாட்டு இரண்டு கிழமையில் செத்தது. வேறொரு கதை வந்து தெரு அதன் பின்னால் போனது. அந்த இரண்டு வரியை யார் சேர்த்தது என்று இதுவரை தெரியாது. யசோதா கொடுத்த மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். பிரசாந்தனுக்குச் சம்பளம் குறையாமல் சனிக்கிழமை ஓட்டம் இல்லை என்று ஆயிற்று; யாரும் காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆனால் மிருணாளினிக்குக் காதுதான் மாறியது. வானொலியில், இங்கிலாந்துக்குப் படகேறும் கலே என்ற கரையின் பெயர் வந்தால் குசினியில் கைவேலையை விட்டுவிட்டு நிற்பார். கடலில் மாண்டவர் எத்தனை பேர், எந்த நாட்டவர் என்று சொல்லும் வரைக்கும் குழாயைத் திறக்கமாட்டார். சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விட்டால் அன்றைய நாள் முழுக்க ஒன்றும் ஓடாது. பிரின்ஸ்டனின் எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பார். எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண் பிரெஞ்சில் சொல்லுவாள். லண்டனை விட்டுப் போகிற ஒருவன் எழுதிய பாட்டு திரையில் வந்தால், அதை விட்டுவிட்டு அடுத்த தாளை முதலில் செய்வார். படியில் யாராவது ஏறினால் விரல் நின்றுவிடும். அவர்கள் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

“என்ன அக்கா, பேயைக் கண்டமாதிரி?” என்பார் யசோதா.

“கண்டால் பரவாயில்லை. காணாமல் இருக்கிறதுதான்.”

இரண்டு குளிர்காலம் போயிற்று. வாமதேவன், பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஆர்ஜொந்தெயில் மண்டபம் எடுத்திருந்தார். பிரசாந்தன் வீட்டுக்கு அழைப்பு அட்டையை நேரில் கொண்டுவந்து வைத்தார். ஞாயிறு காலை சென்-லசார் ரயிலில், பட்டுச்சேலைக்குமேல் குளிர்க்கோட்டும் மடியில் அட்டையுமாக மிருணாளினி இருந்தார். பக்கத்தில் பிரசாந்தன் வாயைத் திறந்தபடி தூங்கினார். ரயில் ஆற்றைக் கடக்கும்போது கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண், இங்கிலாந்து எண்.

“அக்கா, நான் பிரின்ஸ்டன். உயிரோடை இருக்கிறன். ரெண்டாந்தரம்தான் கடல் விட்டது. இஞ்சையும் கேக் கடைதான், இன்னும் பப்பியே இல்லை. உங்கடை எண்ணை யசோதா அக்காட்டை வாங்கினனான். ஒரு விசயம். அந்தப் பாட்டை நான் பாத்துத்தான் எழுதினனான். வாமண்ணையின்ரை ரெண்டு வரியும் எனக்கு வரேக்கையே அதிலை இருந்தது. அவர் ஏன் நேரா என்னட்டை வந்தவர்? ஆரோ என்ரை கையைக் காட்டிக் குடுத்திருக்கினம். உங்களுக்குத்தான் உதெல்லாம் தெரியும். ஒருக்கா விசாரிச்சு ஆரெண்டு சொல்லுவீங்களோ? நான் ஒண்டும் செய்யப்போறதில்லை அக்கா. ஆரைக் கண்டாலும் இவரோ அவரோ எண்டு யோசிச்சு யோசிச்சு ஒருத்தரையும் நம்ப முடியேல்லை. அறிஞ்சால் போதும். அண்டைக்கு நீங்கள் ஒரு ஆள்தான் எனக்காகக் கதைச்சனீங்கள்.”

முதல் வரியிலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசி வரியில் அது வற்றியது. இரண்டாம் தரமும் வாசித்தார். ரயில் மறுகரையில் வேகம் குறைக்கத் தொடங்கியது.

கைப்பையில் பேனையைத் தேடி எடுத்தார். அட்டையைத் திருப்பி, வெள்ளையாயிருந்த பின்பக்கத்தை முழங்காலில் வைத்து எழுதினார். ரயில் ஆட்டத்தில் எழுத்துக் கோணியது, நிறுத்தவில்லை. “தம்பி, உம்மைக் காட்டிக் குடுத்தது நான். பாட்டைக் கட்டினதும் நான்தான், அந்த ரெண்டு வரியைத் தவிர.” கீழே தன் முழுப்பெயரையும் எழுதினார். கைபேசியால் படம் பிடித்தார். அனுப்பினார்.

ரயில் நிற்கும் குலுக்கத்தில் பிரசாந்தன் கண் விழித்தார். “வந்திட்டுதே? என்ன எழுதிறீர், மொய்க்குப் பேரோ?”

மிருணாளினி அட்டையை மடியில் கவிழ்க்கவில்லை. அவர் வாசிக்கக்கூடிய பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.